‘அட்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே போடலாம், எங்கே போட்டால் மானம் போகும்: முழுமையான வழிகாட்டி

போன மாதம் ஒரு தம்பி, சிங்கப்பூர் வேலைக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பக் கடிதத்தை எழுதிக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினான். பகலில் யாங்கோன் டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன், சாயங்காலம் என் வீட்டு முன்னறையில் இன்னும் ஏழெட்டுப் பேரோடு உட்கார்ந்து ஆங்கிலம் படிக்கிறவன், நல்ல உழைப்பாளி. கடிதத்தின் இரண்டாவது வரியிலேயே "ஐ ஆம் அன் அட்டர் அக்கவுன்டன்ட்" என்று இருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்ன சாயாமா, டிக்‌ஷனரி ஆப்ல ‘முழுமையான’னுதானே போட்டிருக்கு? முழுமையான கணக்காளர்னு எழுதினேன், அதுல என்ன தப்பு?" என்றான். (இங்கே டீச்சரைத் தமிழ்ப் பிள்ளைகளும் பர்மியப் பழக்கத்தில் சாயாமா என்றுதான் கூப்பிடுவார்கள்.)

தப்பு அவனுடையது இல்லை, அந்த ஆப்புடையது. ‘முழுமையான’ என்பது பொய்யான விளக்கம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாதி விளக்கம். பாதியை நம்பி இறங்கினால் இப்படித்தான் ஆகும். அவன் எழுதியதை ஓர் ஆங்கிலேயர் படித்தால் அவர் காதில் எப்படி விழும் தெரியுமா? ‘சுத்த முட்டாள்’, ‘சுத்தச் சோம்பேறி’ என்கிறோமே, அந்த அச்சில் ‘நான் ஒரு சுத்தக் கணக்கப்பிள்ளை’ என்று விழும். கணக்கப்பிள்ளை என்பதே ஏதோ வசவு போல.

அன்றைக்கு அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தது ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. ஒரே ஒரு சொல்லுக்கு அவ்வளவு நேரமா என்றால், ஆமாம். அதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாயில் சரியாக வரட்டும்

யூ, இரண்டு டீ, ஈ, ஆர். இதை ‘உட்டர்’ என்று படிக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இரண்டு பேராவது வருவார்கள், ‘புட்’ என்ற சொல்லில் யூ-வுக்கு உகர ஓசை இருப்பதால் வருகிற குழப்பம் அது. இங்கே யூ-வுக்கு ‘கட்’டில் வருகிற ஓசை. சுலபமான வழி: ‘பட்டர்’ என்று சொல்லுங்கள், முதலில் இருக்கிற ப-வின் ஓசையை எடுத்துவிடுங்கள், மிச்சம் இருப்பது அட்டர்.

அமெரிக்கப் படங்கள் பார்த்துப் பழகிய காது என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் நடுவில் வரும் ‘ட்ட’வை அழுத்த மாட்டார்கள், மெத்தென்று ‘அடர்’ மாதிரி சொல்வார்கள். அப்போது அது பசுவின் மடியைக் குறிக்கிற சொல் போலவே கேட்கும், இடத்தை வைத்துத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் என்னவென்றால், அந்த அமெரிக்க உச்சரிப்பு நம் ‘அடர்’ போலவும் இருக்கிறது. அடர்ந்த இருட்டு, அடர்ந்த காடு. இரண்டுக்கும் பூர்வீகத் தொடர்பு எதுவும் கிடையாது, தற்செயல்தான். ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்ள உதவும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்.

அப்புறம், இதே எழுத்தில் இதே ஓசையில் ஒரு வினைச்சொல்லும் இருக்கிறது. "ஹி டிட் நாட் அட்டர் எ வேர்ட்" என்றால் ஒரு வார்த்தை பேசவில்லை, வாயையே திறக்கவில்லை என்று பொருள். சொல், சத்தம், பெயர், முனகல் என்று வாயிலிருந்து வெளியே வருகிற எதாவது பின்னால் வந்தால் அது வினை. நாம் இங்கே பார்க்கப்போவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து அழுத்தம் கொடுக்கிற உரிச்சொல்லை. வினைக்குச் சட்டத்தில் வேறொரு வேலையும் உண்டு: போலிப் பத்திரம் தயாரிப்பது ஒரு குற்றம் என்றால், அதை அசல் என்று காட்டி வெளியே விடுவது தனிக் குற்றம், அதற்குப் பெயர் அட்டரிங். தென்னாப்பிரிக்காவில் இன்றைக்கும் ‘ஃபோர்ஜரி அண்ட் அட்டரிங்’ என்று சேர்த்தே வழக்குப் போடுகிறார்கள், டர்பன் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் செய்தியில் பார்த்திருப்பார்கள்.

அது பிறந்த இடம் வெளிப்புறம்

இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள், இங்கேதான் சாவி இருக்கிறது. ‘அவுட்’ என்றால் வெளியே. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஊட்’. ‘இன்னும் வெளியே இருக்கிற’ என்று ஒப்பிட்டுச் சொல்ல அதிலிருந்து உண்டான சொல்தான் நாளடைவில் அட்டர் ஆனது. அதாவது ‘அவுட்டர்’ என்று இன்று சொல்வதும் இதுவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1611-ல் வந்த ஆங்கில பைபிளில் எசேக்கியேல் புத்தகத்தைப் புரட்டினால் கோயிலின் வெளிப்பிராகாரத்தை ‘அட்டர் கோர்ட்’ என்றுதான் எழுதியிருப்பார்கள். அங்கே முழுமையும் இல்லை, அழுத்தமும் இல்லை, வெறும் வெளி. இங்கிலாந்து நீதிமன்றத்தில் தடுப்புக்கு வெளியே நின்று வாதாடிய வழக்கறிஞருக்கு ‘அட்டர் பாரிஸ்டர்’ என்று பெயர். அவரை ‘சுத்த வக்கீல்’ என்று மொழிபெயர்த்தால் அவர் நம் மேலேயே வழக்குப் போடுவார்.

வெளிப்புறம் எப்படி அழுத்தம் ஆனது? ஒரு ஊரின் கடைசி எல்லைக்கல் வரை போய் நின்றால் அதற்கு மேல் அந்த ஊர் கிடையாது. முட்டாள்தனத்தில் அப்படிக் கடைசிக் கல் வரை போய் நிற்பவன் ‘அன் அட்டர் ஃபூல்’. பதினைந்தாம் நூற்றாண்டுக்கு வரும்போதே இந்தப் பொருள் வந்துவிட்டது, பழைய ‘வெளி’ப் பொருள் மெல்ல உதிர்ந்து போனது.

நம்மிடமும் இப்படி ஒரு பட்டாளம் இருக்கிறது, ஆனால் நாம் போகிற திசை வேறு. அவர்கள் ஓரத்துக்குப் போனால் நாம் ஆழத்துக்குப் போகிறோம்: அடிமுட்டாள். இல்லாவிட்டால் சமையல்கட்டுக்குப் போகிறோம்: வடிகட்டின முட்டாள், வடிகட்டின கஞ்சன். மோர் கடைகிற மத்தைக்கூட விடவில்லை: கடைந்தெடுத்த அயோக்கியன். பொய்க்கு மட்டும் பச்சை, அப்பட்டம், அண்டப்புளுகு என்று தனி வரிசை. கவனியுங்கள், இதில் எதுவும் எல்லாப் பெயரோடும் ஒட்டாது. ‘பச்சை முட்டாள்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘வடிகட்டின பொய்’ கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் சேருகிற ஆள், சேராத ஆள் உண்டு. ஆங்கில அட்டரும் அப்படித்தான், அதற்கும் சகவாசம் பார்க்கத் தெரியும். ‘ரொம்ப’ மாதிரி கண்ட இடத்தில் போய் உட்காராது.

‘சுத்த’ சோதனை

நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற குறுக்குவழி இதுதான். ஆங்கிலத்தில் அட்டர் போட நினைக்கிற இடத்தில், மனசுக்குள் தமிழில் ‘சுத்த’ என்று போட்டுப் பாருங்கள், திட்டுகிற குரலில். சுத்தப் பேத்தல், சுத்த முட்டாள், சுத்த வேஸ்ட், சுத்தப் பைத்தியக்காரத்தனம். எல்லாம் ஓடுகிறதா? அப்படியே ஆங்கிலத்தில்: அட்டர் நான்சென்ஸ், அன் அட்டர் ஃபூல், அன் அட்டர் வேஸ்ட் ஆஃப் டைம், அட்டர் மேட்னஸ். நாலும் சரி. இப்போது ‘சுத்த மேசை’ சொல்லிப் பாருங்கள். துடைத்து வைத்த மேசை என்றாகிவிடும், அழுத்தம் வராது. அட்டர் டேபிளும் வராது. ‘சுத்த அக்கவுன்டன்ட்’? கை சுத்தமானவர் என்று யாராவது நினைத்தால் உண்டு. அதனால் அதுவும் போச்சு.

ஏன் போச்சு? முட்டாள் என்ற பெயருக்குள்ளேயே ஒரு தன்மை இருக்கிறது, அதற்கு அளவு இருக்கிறது, அந்த அளவைக் கடைசிவரை இழுக்கலாம். கணக்காளர் என்பது தொழில், மேசை என்பது பொருள், அதில் இழுக்க ஒன்றும் இல்லை. அட்டர் இழுத்துக் காட்டுகிற சொல், பின்னால் வருகிற பெயர் இழுபடுகிற பெயராக இருக்க வேண்டும்.

சரி, இந்தச் சோதனை எங்கே ஏமாற்றும் என்றும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நானும் அந்த ஆப் மாதிரிதான். சுத்தத் தங்கம், சுத்த நெய், சுத்த சைவம் என்கிறோம். இங்கெல்லாம் சுத்தம் என்றால் கலப்படம் இல்லாதது, ஆங்கிலத்தில் ‘ப்யூர்’. அட்டர் கோல்ட் என்று எழுதினால் நகைக்கடைக்காரர் சிரிப்பார். அதனால்தான் ‘திட்டுகிற குரலில்’ என்றேன்.

இன்னொரு பக்கமும் ஏமாற்றும். தமிழில் ‘சுத்த மௌனம்’ என்று நாம் சொல்வதில்லை, ஆனால் ஆங்கிலத்தில் அட்டர் சைலன்ஸ் நன்றாக ஓடும். அதேபோல அட்டர் டார்க்னஸ் கும்மிருட்டு, அட்டர் எக்ஸாஷன் கை கால் ஓய்ந்துபோன களைப்பு, அட்டர் டிஸ்பிலீஃப் கண்ணால் கண்டும் நம்ப முடியாத நிலை. இவை எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று இல்லாமல் போயிருக்கிறது பாருங்கள், சத்தம், வெளிச்சம், தெம்பு, நம்பிக்கை. ஒரு பொட்டுகூட மிச்சம் இல்லை என்று சொல்லத்தான் அந்தச் சொல் வருகிறது.

இதைப் பிள்ளைகளுக்கு விளக்கப் பெரிய கஷ்டம் இருக்கவில்லை, ஏனென்றால் அன்றைக்குப் பாடத்துக்கு நடுவிலேயே கரண்ட் போய்விட்டது. யாங்கோனில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், ‘மீ ப்யெட்’ என்று மொத்தத் தெருவும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விடும். இருட்டில் ஒரு சின்னப்பெண் உற்சாகமாக "சாயாமா, அட்டர் டார்க்னஸ்!" என்று கத்தினாள். நல்லது, சொல்லைப் பிடித்துக்கொண்டாள். நான் கேட்டேன், "உனக்கு என்ன தெரியுது இப்ப?" எதிர்க்கடைக்காரர் பேட்டரி விளக்கைப் போட்டிருந்தார், அதன் வெளிச்சம் படிக்கட்டு வழியாக ஒரு கீற்றாக வந்து விழுந்துகொண்டிருந்தது. "அண்ணன் மூக்கு தெரியுது." மூக்கு தெரிந்தால் அட்டர் இல்லை, வெறும் டார்க்னஸ்தான் என்றேன். அதற்குள் கீழே ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கிவிட்டன, ஆகவே அட்டர் சைலன்ஸுக்கும் வழியில்லை. கரண்ட் திரும்பி வந்ததும் ‘மீ லாபீ’ என்று எல்லாரும் கத்தினார்கள், பாடம் தொடர்ந்தது. பேச்சில் மிகைப்படுத்திச் சொல்ல எல்லாருக்கும் உரிமை இருக்கிறது, மூக்கு தெரிந்தாலும் அட்டர் டார்க்னஸ் என்று சொல்கிறவர்கள் சொல்வார்கள். ஆனால் சொல்லின் உண்மையான எடை என்னவென்று முதலில் தெரிய வேண்டும்.

கெட்ட சகவாசம்

மேலே சொன்ன உதாரணங்களைத் திரும்பப் பாருங்கள், நல்ல விஷயம் எத்தனை இருந்தது? சைலன்ஸை வேண்டுமானால் பொதுவில் வைக்கலாம். மற்றதெல்லாம் கெட்டது. அட்டர் டிசாஸ்டர், அட்டர் கேயாஸ், அட்டர் ஃபெய்லியர், அட்டர் கன்டெம்ப்ட், அட்டர் டெஸ்பேர், அட்டர் ரப்பிஷ் என்று அது கூட்டிக்கொண்டு வருகிற ஆட்கள் பெரும்பாலும் வீட்டுக்குள் விடக்கூடாத ஆட்கள்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. பில் லௌ என்ற மொழியியலாளர் 1993-ல் இதைப் பற்றி எழுதினார். கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்த ஏராளமான ஆங்கில எழுத்தில், இதே சொல்லின் இன்னொரு வடிவமான ‘அட்டர்லி’ எங்கெங்கே வருகிறது என்று வரிசையாக எடுத்துப் போட்டுப் பார்த்தார், அதற்கு அடுத்து வருகிற சொற்கள் பெரும்பாலும் கெட்டவையாகவே இருந்தன. ஒரு சொல் தன் கூட்டாளிகளிடமிருந்து இப்படி ஒரு நிறத்தை வாங்கிக்கொள்வதற்கு ‘செமான்டிக் ப்ராசடி’ என்று பெயர். இதில் ஒரு ருசியான விஷயம் உண்டு: கெட்டதோடு வந்து வந்து பழகிய சொல்லை வேண்டுமென்றே நல்லதோடு சேர்த்தால் ஒரு நையாண்டி தொனி ஏறிவிடும், ‘மகா உத்தமன்’ என்று நாம் இழுத்துச் சொல்வது போல.

அதற்காக நல்லதோடு வரவே வராது என்று கோடு போடாதீர்கள். அட்டர் ஜாய், அட்டர் ப்லிஸ், அட்டர் டிலைட், அட்டர் டிவோஷன் எல்லாம் தாராளமாக எழுதுகிறார்கள், நையாண்டி இல்லாமல். ஆளை விழுங்கிவிடுகிற அளவு பெரிய உணர்ச்சியாக இருந்தால் போதும். தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவர்கள் அமுல் வெண்ணெய் விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள், 1960-களிலிருந்து ஓடுகிற ‘அட்டர்லி பட்டர்லி டெலிஷியஸ்’. அதில் பாதி வேலை எதுகைக்காக. ஆனால் ‘வெரி டெலிஷியஸ்’ என்று போட்டிருந்தால் இத்தனை வருடம் யாராவது ஞாபகம் வைத்திருப்பார்களா?

அட்டர் சக்சஸ் மட்டும் வேண்டாம். தப்பென்று இலக்கணம் சொல்லாது, காது சொல்லும். வெற்றிக்கு ‘கம்ப்ளீட் சக்சஸ்’, ‘டோட்டல் சக்சஸ்’.

வாக்கியத்தில் எங்கே உட்காரும்

இங்கே விதி கறார். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் மட்டும்தான் வரும். "தி நான்சென்ஸ் இஸ் அட்டர்" என்று பின்னால் தனியாக நிறுத்த முடியாது. நமக்கு இது புதிதில்லை, ‘சுத்தப் பொய்’ சரி, ‘அந்தப் பொய் சுத்தம்’ என்றால் பொருளே மாறிவிடுகிறது.

இதற்குமேல் அளவு ஏற்ற முடியாது. வெரி அட்டர், மோர் அட்டர், டூ அட்டர் எதுவும் இல்லை. எல்லைக்கல்லில் போய் நின்றவனை இன்னும் கொஞ்சம் தள்ளி நில் என்று சொல்ல முடியுமா? பர்மியில் எதற்கெடுத்தாலும் ‘அயான்’ (நம் ‘ரொம்ப’) போட்டுப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் கை தானாக வெரியைத் தேடும். நல்லா இருந்தாலும் அயான், சூடாக இருந்தாலும் அயான். அட்டர் அந்த அயான் இல்லை என்று புரிய வைக்க நான் ‘லோன்வ’வைக் காட்டுவேன். ‘லோன்வ மஹௌபூ’ என்றால் கொஞ்சமும் இல்லை, அறவே இல்லை. லோன்வ பெரும்பாலும் இல்லை என்பதோடு சேர்ந்தே வாயில் வரும். அதன் குணம் அட்டருக்குக் கொஞ்சம் பக்கம். நாளைக்கு ஒரு சந்தேகம் வந்தால் அயானை மறந்து லோன்வவை நினைத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் ‘அன்’ வருமா வராதா என்பது அட்டரைப் பொறுத்தது இல்லை, பின்னால் வருகிற பெயரைப் பொறுத்தது. எண்ண முடிகிற பெயர் ஒருமையில் வந்தால் அன் அட்டர் ஃபூல், அன் அட்டர் டிசாஸ்டர். எண்ண முடியாதது என்றால் வெறும் அட்டர் நான்சென்ஸ், அட்டர் சைலன்ஸ். இங்கே ‘எ அட்டர்’ என்று எழுதுகிறவர்கள் அதிகம். அகர ஓசையில் தொடங்குவதால் அன் தான்.

சில சட்டகங்களை அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள், யோசிக்காமல் கைக்கு வரும். "டு மை அட்டர் ஹாரர்", "டு மை அட்டர் அமேஸ்மென்ட்" என்று வாக்கியத்தைத் தொடங்கலாம். "இன் அட்டர் சைலன்ஸ்", "வித் அட்டர் கன்டெம்ப்ட்" என்று முடிக்கலாம். கோபம் தலைக்கேறினால் "கம்ப்ளீட் அண்ட் அட்டர் ரப்பிஷ்". இதில் வரிசை முக்கியம், கம்ப்ளீட் முன்னால், அட்டர் பின்னால், மாற்றிச் சொன்னால் ‘குட்டியும் ஆடும்’ என்று சொன்ன மாதிரி இருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர்கள்

ஒரே பொருள் என்று நினைத்து மாற்றிப் போடுகிற சொற்கள் சில இருக்கின்றன. எல்லாவற்றையும் விரிக்கப்போவதில்லை, அடிக்கடி காலை வாருகிற இரண்டை மட்டும் நிதானமாகப் பார்ப்போம்.

ஒன்று, ‘ஷியர்’. இதற்கு அட்டரைப் போல ‘கடைசிவரை’ என்ற பொருள் இல்லை, ‘அது மட்டுமே, வேறொன்றும் இல்லை’ என்ற பொருள். ஷியர் லக் என்றால் திறமை, முயற்சி எதுவும் இல்லாமல் வெறும் அதிர்ஷ்டத்தால் மட்டும். ஷியர் ஹார்ட் வொர்க் என்றால் சிபாரிசு, காசு எதுவும் இல்லாமல் உழைப்பால் மட்டும். இந்த இடங்களில் அட்டர் நுழையாது, அட்டர் லக் என்று யாரும் சொல்வதில்லை. அளவு, எண்ணிக்கை வந்தாலும் ஷியர்தான்: ஷ்வேடகோன் பகோடாவை முதன்முதலாகப் பார்க்கிறவர் வாயடைத்துப் போவது அதன் ஷியர் சைஸைப் பார்த்து, அட்டர் சைஸைப் பார்த்து அல்ல. ஆனால் ஷியர் நான்சென்ஸ், அட்டர் நான்சென்ஸ் இரண்டும் உண்டு, அங்கே இரு வீட்டுக்கும் பொதுச்சுவர்.

இன்னொன்று ‘அட்மோஸ்ட்’. ஆபத்தான ஆள், ஏனென்றால் இதுவும் அதே ‘ஊட்’ வழி வந்தது, முகச்சாடை அப்படியே இருக்கும். ஆனால் இது ‘மிக உயர்ந்த அளவு’ என்று பொருள்படுகிற நல்ல குடும்பத்துப் பிள்ளை. அட்மோஸ்ட் ரெஸ்பெக்ட், அட்மோஸ்ட் கேர், ஆஃப் தி அட்மோஸ்ட் இம்பார்ட்டன்ஸ். மேலதிகாரிக்கு எழுதும்போது "வித் அட்டர் ரெஸ்பெக்ட்" என்று எழுதினால் அவருக்கு ஒரு நொடி சந்தேகம் வரும், மரியாதை செய்கிறானா கிண்டல் செய்கிறானா என்று. கடிதத்தில் எதாவது நல்லதாகச் சொல்லக் கை அட்டரைத் தேடினால் பத்துக்கு எட்டுத் தடவை உங்களுக்கு வேண்டியது அட்மோஸ்டாகத்தான் இருக்கும்.

கம்ப்ளீட், டோட்டல் இரண்டும் எங்கேயும் போய்வருகிற சாதுக்கள். ஒரு குறை என்னவென்றால் அவற்றுக்குச் சாதாரணப் பொருளும் உண்டு, கம்ப்ளீட் செட் என்றால் ஒன்றும் குறையாத முழு செட், டோட்டல் அமௌன்ட் என்றால் மொத்தத் தொகை. அந்த வேலையை அட்டர் செய்யாது. ‘அப்சல்யூட்’ இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாயில் புகழவும் திட்டவும் வருகிறது. பேசும்போது இவற்றையே வைத்துக்கொள்ளுங்கள், அட்டர் கொஞ்சம் எழுத்து வாசனை அடிக்கிற சொல்.

நம் தம்பியின் கடிதத்துக்கு இவர்களில் யாரும் தேவைப்படவில்லை. ‘அன் எக்ஸ்பீரியன்ஸ்ட் அக்கவுன்டன்ட்’ என்று மாற்றி, எத்தனை வருடம், என்னென்ன கணக்கு என்று அடுத்த வரியில் எழுதச் சொன்னேன்.

வால் முளைத்தால் அட்டர்லி

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அட்டர், மற்ற எல்லாவற்றுக்கும் அட்டர்லி. அட்டர்லி ரிடிக்குலஸ், அட்டர்லி யூஸ்லெஸ், அட்டர்லி இம்பாசிபிள். ஆனால் இங்கேயும் அது சாதாரண உரிச்சொல்லோடு பழகாது, ஏற்கனவே உச்சத்தில் இருக்கிற சொல்லோடுதான் பழகும். டயர்டுக்கு வெரி போடுங்கள், எக்ஸாஸ்டடுக்கு அட்டர்லி. பிக் என்பதற்கு முன்னால் அட்டர்லி வராது, பிசி என்பதற்கும் வராது. ‘அட்டர்லி டிஃபரன்ட்’ நல்ல பழக்கம், இரண்டு விஷயங்களுக்கு நடுவில் ஒட்டே இல்லை என்று சொல்ல. வினையோடு வேண்டுமானால் அட்டர்லி டெஸ்ட்ராய்ட், அட்டர்லி ஃபெயில்ட், அட்டர்லி ரிஜெக்ட் என்று வரும், எல்லாம் அழிவும் மறுப்பும்தான், குணம் மாறவில்லை பாருங்கள். அழகைச் சொல்ல அட்டர்லி பியூட்டிஃபுல், அட்டர்லி சார்மிங் என்றும் சொல்வார்கள், மனம் உருகிச் சொல்கிற இடத்தில்.

எழுதலாம், ஆனால் அனுப்பலாமா?

பல வருடங்களுக்கு முன்னால் சென்னையில் இருக்கிற என் சித்திக்கு ஒரு பார்சல் அனுப்பினேன். போய்ச் சேர்ந்தபோது உள்ளே இருந்த அரக்குக் கிண்ணங்கள் இரண்டும் கீறல் விட்டிருந்தன. அனுப்பிய கம்பெனிக்கு ஒரு ஈமெயில் எழுதினேன், அதில் ‘அட்டர் நெக்லிஜென்ஸ்’, ‘அட்டர் இன்காம்பிடன்ஸ்’ இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தேன். ஆங்கில டீச்சர் அல்லவா, கூட்டாளிச் சொற்கள் எல்லாம் கச்சிதமாக அமைந்திருந்தன. பதில் ஒரே ஒரு வரியில் வந்தது, பார்க்கிறோம் என்று. அப்புறம் பார்க்கவே இல்லை. ஒரு மாதம் கழித்துத் தேதி, ரசீது எண், இரண்டு போட்டோ, வேண்டிய தொகை என்று வெறும் விவரம் மட்டும் எழுதி அனுப்பினேன், பணம் வந்தது.

அட்டர் எதிராளியைச் சுவரோரம் தள்ளிவிடுகிற சொல், தப்பிக்க இடம் வைக்காது. தோழிக்குச் சினிமா பார்த்த கதையை எழுதும்போது போடுங்கள், கட்டுரையில் போடுங்கள், டைரியில் எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள். காசு வர வேண்டிய இடத்துக்கும் வேலை கேட்கிற இடத்துக்கும் எழுதும்போது ஒரு தடவை படித்துப் பார்த்து எடுத்துவிடுங்கள். அப்புறம், ஒரு பக்கத்தில் ஒரு அட்டர் போதும், மூன்று வந்தால் மூன்றும் செத்துப்போகும்.

கை வைத்துப் பாருங்கள்

கீழே இருப்பவை என் வகுப்பில் கொடுத்தவைதான். பதிலைப் படிக்கிறதுக்கு முன்னால் நீங்களே முடிவு செய்துவிடுங்கள்.

"ஷி இஸ் எ வெரி அட்டர் லையர்." இரண்டு தப்பு. வெரியைத் தூக்குங்கள், ‘எ’ அன் ஆகட்டும்.

"திஸ் பகோடா இஸ் அட்டர் பியூட்டிஃபுல்." பின்னால் வருவது பெயர்ச்சொல் இல்லை, அட்டர்லி வேண்டும்.

"வி காட் தி டிக்கெட்ஸ் பை அட்டர் லக்." ஷியர்.

"ப்ளீஸ் ஹேண்டில் திஸ் வித் அட்டர் கேர்." அட்மோஸ்ட். இதை ஏழு பேரில் ஐந்து பேர் கோட்டை விட்டார்கள்.

"தே லிசன்ட் இன் அட்டர் சைலன்ஸ்." அப்படியே விடுங்கள், நல்ல வாக்கியம்.

"தி ப்ளான் வாஸ் அட்டர் ரப்பிஷ்." இதை எல்லாருமே தப்பு என்று கோடு போட்டார்கள், அந்தத் தம்பி உட்பட. ‘இஸ், வாஸ் பின்னால வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க சாயாமா’ என்று மடக்கினார்கள். நான் சொன்னது அது தனியாகப் பின்னால் நிற்காது என்று. இங்கே வாஸ் முன்னால் இருந்தாலும், அட்டர் இன்னும் ரப்பிஷ் என்ற பெயருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறது. வாக்கியம் சரி.